சிலம்பமா, கராத்தேயா, குத்துச்சண்டையா? முப்பத்தைந்தைத் தாண்டியவர் டெல்டாவில் வகுப்பில் சேரும் முன்

மன்னார்குடியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். வயது 41. வாரத்தில் மூன்று மாலை மகளைக் கராத்தே வகுப்புக்கு அழைத்துப் போகிறார். "அவள் உள்ளே உதைத்துப் பழகும் ஒன்றரை மணி நேரமும் நான் வெளியே படிக்கட்டில் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருக்கிறேன். நானும் சேரலாமா? சேர்ந்தால் கராத்தேயா, வேறு ஏதாவதா?" என்று கேட்கிறார். கும்பகோணத்தில் வங்கியில் வேலை பார்க்கும் 38 வயதுக்காரர் ஒருவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. மருத்துவர் நடக்கச் சொன்னார். மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்து நடந்து அலுத்துவிட்டது. சிலம்பத்தில் ஆசை, ஆனால் வலது தோளில் பழைய வலி. மூன்றாமவருக்குப் பாபநாசம் பக்கத்துக் கிராமம், 27 வயது, அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார். "வம்பு என்று வந்தால் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்கு எது உதவும்?" என்பது அவர் கேள்வி.

இதே குழப்பத்தில் நானும் ஒரு வருடம் கிடந்தேன். 37 வயதில் முதலில் ஒரு கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். மொட்டை மாடியில் ஓடு பதித்த தரை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்று, அவர்கள் இறங்கிய ஆழத்துக்கு நானும் முட்டியை மடக்கி இறங்கினேன். நான்காம் மாதம் வலது முட்டி வீங்கியது. அதற்குள் இரண்டு பெல்ட் தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தேன். வலிக்கிறது என்று சொன்னபோது பயிற்சியாளர், "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார். சரியாகவில்லை. ஏழு மாதம் கழித்துத் திருவையாற்றுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கம்பு பிடித்தேன், இன்றுவரை விடவில்லை. அதனால் எனக்குச் சிலம்பத்தின் மீது சாய்வு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த முட்டி வீக்கத்துக்குக் கராத்தேயைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த வகுப்பில் பெரியவர்களுக்கு இடமே இல்லை. அதைப் பார்க்காமல் சேர்ந்தது என் பிழை.

## எதை வைத்து எடை போடுவது

சிறுவர்களைச் சேர்க்கும்போது எந்தக் கலை என்று முதலில் பார்க்கலாம். நமக்கு வகுப்புதான் முதலில் வரவேண்டும். நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்.

கூடப் பழகுபவர்கள் யார். நம் ஊர்களில் பெரும்பாலான வகுப்புகள் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடப்பவை. பெரியவர்களுக்குத் தனி நேரம் இருக்கிறதா, குறைந்தது உங்கள் உயரத்தில், எடையில் இன்னும் இரண்டு பேராவது இருக்கிறார்களா? ஜோடிப் பயிற்சிக்கு பன்னிரண்டு வயதுச் சிறுவனோடு நிறுத்தினால் இருவருக்குமே பயனில்லை.

தூரமும் நேரமும். வேலை முடிந்து, வீட்டுக்கு வந்து, மறுபடி கிளம்பிப் போகும் வகுப்பு மூன்று மாதம் தாங்காது. வேலையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் இருப்பது தாங்கும். ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அங்கே போய்ச் சேர முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் மூட்டுகள். முட்டி, தோள், இடுப்பு, முதுகு. ஒவ்வொரு கலையும் ஒவ்வொரு மூட்டைக் கேட்கும்.

முழுச் செலவு. மாதக் கட்டணம் அதில் ஒரு பகுதிதான்.

எதற்காகச் சேர்கிறீர்கள். உடம்புக்காகவா, தற்காப்புக்காகவா, மேடையேறும் ஆசையா, சின்ன வயதில் கிடைக்காத ஒன்றா. கடைசிக் காரணத்தைச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். என் அனுபவத்தில் அதற்காக வந்தவர்கள்தான் அதிக நாள் நிற்கிறார்கள்.

இன்னொன்று. நாற்பதை நெருங்கியவர்களும், ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்களும் சேரும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். "உடற்பயிற்சி செய்யலாமா" என்று பொதுவாகக் கேட்காமல், "குதிக்கலாமா, விழலாமா, தலையில் அடி படலாமா" என்று கேளுங்கள். அப்போதுதான் உருப்படியான பதில் கிடைக்கும்.

## சிலம்பம்

டெல்டாவில் சிலம்பத்துக்கு இருக்கும் பெரிய வசதி, அது பக்கத்திலேயே இருப்பது. பட்டணத்து வகுப்பு இல்லாத ஊரிலும் திருவிழாவில் கம்பு சுற்றுபவர் ஒருவர் இருப்பார். அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஆசான் அடுத்த ஊரில் இருப்பார். களத்துமேடு, தோப்பு, ஆற்றுப் படுகை, கோயில் திடல் என்று எங்கே வேண்டுமானாலும் வகுப்பு நடக்கும். மண் தரை முட்டிக்கு இதம். மாடி ஓட்டுத் தரையில் அடிபட்ட எனக்கு அந்த வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது.

என் ஆசான் முதல் இரண்டு வாரம் கம்பையே கையில் தரவில்லை. மண்ணில் குச்சியால் கோடு கிழித்து, அதன் மேல் காலடி மட்டும். முன்னே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, திரும்பி ஒன்று. கம்பு கைக்கு வந்த பிறகு அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. முதுகைக் காட்டி நின்றுகொண்டு சத்தத்தைக் கேட்டார். வீச்சு சரியாக விழுந்தால் காற்று ஒரே சீராக 'விர்' என்று அறுபடும். மணிக்கட்டு இறுகினால் சத்தம் திக்கும். "இறுக்கிப் பிடிக்காதீர்கள் ஐயா, அது ஓடிப் போகாது" என்று திரும்பாமலே சொல்வார். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் பெரிய வயதில் வந்த சீடர்கள் எல்லோரையும் 'ஐயா' என்றுதான் அழைப்பார். மோதிர விரலின் அடியில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப் போக ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது.

உடம்புக்கு என்ன கிடைக்கிறது? உதைக்க வேண்டாம், தரையில் விழ வேண்டாம், தொடக்கத்தில் எதிரில் ஆளே வேண்டாம். அவரவர் வேகத்தில் போகலாம். கால், இடுப்பு, தோள், மணிக்கட்டு எல்லாம் ஒன்றாக வேலை செய்யும். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரத்தில் மூன்று நாள், ஐம்பது நிமிடம் நிற்காமல் கம்பு சுற்றினால் அந்தக் கணக்கு நிறைந்துவிடும்.

சிக்கல் தோளில் இருக்கிறது. தலைக்கு மேல் வீச்சு வந்ததும் பழைய தோள்வலி கிளம்பும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப் போகும் நோய் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இடுப்பு உயர வீச்சுகளோடு சில மாதம் நிறுத்தி வைக்க ஆசான் சம்மதிப்பாரா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். வெறுங்காலில் பழகும் வழக்கம் இன்னொரு சிக்கல். நெருஞ்சி முள் ஏறினால் நமக்கு உடனே தெரியும். சர்க்கரையால் பாத உணர்வு மங்கியவருக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர் மெல்லிய அடியுள்ள காலணி போட்டுக்கொள்ள அனுமதி வாங்கிக்கொள்ளட்டும். மறுக்கும் ஆசானிடம் சேர வேண்டாம்.

பணச் செலவு குறைவு. நின்றால் நெற்றி மட்டத்துக்கு வரும் ஒரு மூங்கில் கம்பு, முழுக்கால் சட்டை, பனியன் போதும். பல கிராமத்து ஆசான்கள் மாதக் கட்டணம் என்று எதையும் சொல்வதில்லை. வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்சிணை வைத்துத் தொடங்குவது வழக்கம். கட்டணம் சொல்லாத இடத்தில் நாமாகவே மாதம் ஒரு தொகையைத் தவறாமல் கொடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவர் கூச்சத்தால் கேட்கவில்லை என்பதற்காக ஒருவரின் மாலை நேரத்தை இலவசமாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

இடமும் மழையும்தான் இதில் மறைந்திருக்கும் செலவு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கினால் திடல் சேறாகிவிடும். டிசம்பர் வரை வகுப்பு விட்டு விட்டுத்தான் நடக்கும். வீட்டுக்குள் சுற்றினால் மின்விசிறி போகும். ஐந்தடிக் கம்போடு கூட்டமான பஸ்ஸில் ஏறவும் முடியாது. வகுப்பிலேயே கம்பை வைத்துவிட்டு வர இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் மாடி இருந்தால் இரண்டாவது கம்பு ஒன்று வாங்கிவிடுங்கள்.

தற்காப்புக்கு உதவுமா? தெருவில் கையில் கம்பு இருக்காது. காலடியும் தூரத்தை அளக்கும் கண்ணும் உதவும். வெறுங்கையால் செய்யும் குத்துவரிசையையும் ஆசான் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் உண்மையாகவே உதவும். மேடைக்காகச் சுற்றும் அலங்கார வீச்சு மட்டும் நடக்கும் வகுப்பு என்றால் அதைத் தற்காப்பு என்று நம்பிப் போகாதீர்கள். இரண்டும் நல்லவை, ஒன்றைச் சொல்லி இன்னொன்றைத் தருவதுதான் தவறு.

அரசு வேலை பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பம் 2021-இல் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. இந்தக் கலைக்குக் கிடைத்த இந்த மரியாதை எனக்குப் பெருமிதம். ஆனால் அதைக் காட்டி முப்பதைத் தாண்டியவரிடம் "சான்றிதழ் வாங்கினால் வேலை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வழி அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் சிறு வயது முதல் வென்று வரும் பிள்ளைகளுக்கானது.

## கராத்தே

கராத்தேயின் பலம் அதன் ஒழுங்கு. இன்று என்ன, அடுத்த மாதம் என்ன, அடுத்த பெல்ட்டுக்கு எது தேவை என்று எல்லாம் முன்கூட்டியே தெரியும். வேலை பார்க்கும் மனத்துக்கு இந்தத் தெளிவு பெரிய ஆறுதல். ஓகினாவாத் தீவிலிருந்து இதைத் தோக்கியோவுக்குக் கொண்டுபோய் 1922-இல் செய்து காட்டிய கிச்சின் ஃபுனாகோஷி ஒரு பள்ளி ஆசிரியர். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வகுப்பறையின் முறைமை இன்றும் இந்தக் கலையில் இருக்கிறது: வரிசை, வணக்கம், எண்ணிக்கை, திருத்தம்.

பெரியவர்களுக்கு இதில் மிகவும் பொருந்துவது 'கத்தா'. எதிரி இருப்பதாக எண்ணிக்கொண்டு தனியாகச் செய்யும் தொடர் அசைவுகள் அவை. வீட்டுக் கூடத்தில் ஒரு பாய் அளவு இடத்தைக் கொஞ்சம் தாண்டினால் போதும். மழையா, வகுப்பு இல்லையா, கவலையில்லை. சிலம்பத்துக்கு இல்லாத வசதி இது.

சிக்கல்கள் மூன்று. முதலாவது முட்டி. தாழ்ந்து நிற்கும் நிலைகளில் முட்டி பாதத்தின் திசையிலிருந்து உள்ளே சரிந்தால் வலி நிச்சயம். பெரியவருக்கு நிலையைச் சற்று உயர்த்திக் கொடுக்கத் தெரிந்த மாஸ்டர் வேண்டும். இரண்டாவது, சங்கங்கள். ஷோடோகான், கோஜு-ரியு, ஷிட்டோ-ரியு என்று பாணிகள் பல; ஒரே பாணிக்குள்ளும் சங்கங்கள் பல. ஒரு சங்கம் தந்த பெல்ட்டை இன்னொன்று ஏற்காமல் போகலாம். தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு மாற்றலாகிப் போனால் மறுபடி வெள்ளை பெல்ட்டிலிருந்து தொடங்க நேரலாம்.

மூன்றாவது பணம். ஓர் எடுத்துக்காட்டாக மாதம் 600 ரூபாய் என்று சொல்லி உங்களைச் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 7,200. மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் தேர்வு, தேர்வுக்கு 700 என்றால் 2,800. சீருடை 1,200. சங்கப் பதிவு 500. மொத்தம் 11,700, மாதக் கணக்கில் 975. போட்டிக் கட்டணமும், அதற்குப் போய்வரும் செலவும், சிறப்பு முகாமும் இதில் சேரவில்லை. உங்கள் வகுப்பில் தொகைகள் வேறாக இருக்கும். ஆனால் இந்த நான்கு வரிகளையும் ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையான மாஸ்டர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

நான் முக்கியமாகக் கேட்கச் சொல்வது: "தேர்வு எழுதாமல் தொடர்ந்து பழகலாமா?" முடியாது என்றால் அங்கே பயிற்சியைவிட பெல்ட் முக்கியம் என்று பொருள். கராத்தே ஒலிம்பிக்கில் ஒரே ஒருமுறை, 2021-இல் நடந்த தோக்கியோ போட்டியில்தான் இருந்தது, பாரிஸில் இல்லை. ஆகவே ஒலிம்பிக்கைச் சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால் கவனமாக இருங்கள்.

## டேக்வாண்டோ

கால் வீச்சின் கலை. பார்க்க அழகு, போட்டியும் நிறைய. 2000 சிட்னி முதல் ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டு. இருபதுகளில் இருப்பவர், தொடைத் தசை நன்றாக நீளுபவர் தாராளமாகச் சேரலாம். உட்கார்ந்தே வேலை பார்த்து இடுப்பு இறுகிப்போன நாற்பது வயதுக்காரருக்கு முதல் தேர்வாக இதை நான் சொல்ல மாட்டேன். தலை உயர உதையும் சுழன்று உதைப்பதும் ஊன்றிய காலின் முட்டியைத் திருகும். பிள்ளையும் நீங்களும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பழக முடிகிறது என்ற காரணம் மட்டும் வலுவாக இருந்தால், இடுப்பு உயரத்துக்கு மேல் உதைப்பதில்லை என்று பயிற்சியாளரோடு பேசி முடிவு செய்துகொண்டு சேருங்கள்.

## குத்துச்சண்டையும் ஜிம் கிக்பாக்சிங்கும்

திருச்சி, தஞ்சாவூர் போன்ற நகரங்களில் ஜிம்களில் இந்த வகுப்புகள் வந்துவிட்டன. வேலை நேரம் முன்பின் ஆகிறவர்களுக்கு இது வசதி: காலை ஐந்தரைக்கும் போகலாம், இரவு எட்டுக்கும் போகலாம். கூடப் பழகுபவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். மூன்று நிமிடம் தொங்கும் குத்துப் பையை அடிப்பது, ஒரு நிமிடம் ஓய்வு என்று மூன்று சுற்றுப் போனாலே மூச்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். மனத்தில் அடைந்து கிடப்பது இறங்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தற்காப்பு என்று வந்தால், ஓர் ஆள் உண்மையாகவே அடிக்க வரும்போது கண் மூடாமல் நிற்கப் பழக்குவது குத்துச்சண்டை. எதிர்ப்படும் ஆளோடு வேகமாகப் பழகாத எந்தக் கலையும் அதைத் தராது.

ஆனால் தலையில் விழும் அடி விளையாட்டல்ல. தலைக்கவசம் தோலைக் காக்கும். மூளை குலுங்குவதை நிறுத்தாது. குடும்பப் பொறுப்பு உள்ளவர் பை, கைத்தட்டு (பயிற்சியாளர் கையில் மாட்டிப் பிடிக்க, நாம் குத்தும் மெத்தை), காலசைவு ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, தலையில் அடிபடும் ஜோடிச் சண்டைக்குப் போகாமலிருப்பதே நல்லது என்பது என் எண்ணம். சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர் ஜோடிச் சண்டை பக்கமே போகக் கூடாது. கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர் முதலில் மருந்தைச் சரிசெய்துகொண்டு வரட்டும்.

கையுறை சொந்தமாக வாங்க வேண்டும். கையில் சுற்றும் துணிப்பட்டை இரண்டு ஜோடி வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கையுறை ஒரு வாரத்தில் நாறும், மழை மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு முறையும் காயவைக்கும் வேலையும் இதில் சேர்ந்ததே. ஜிம் சந்தாவோடு பயிற்சியாளர் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, தனியா என்று பாருங்கள். ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் இரண்டு மாதம் தள்ளுபடி வேண்டாம்.

## ஜூடோ

ஜிகோரோ கானோ 1882-இல் தொடங்கிய கலை. நம் பக்கம் வகுப்புகள் குறைவு, ஏனென்றால் மெத்தை விரித்த தளம் வேண்டும். மாவட்ட விளையாட்டு அரங்கத்திலும் கல்லூரிகளிலும் விசாரித்துப் பாருங்கள். கிடைத்தால் முதல் மூன்று மாதத்துக்காகவாவது போகலாம். காரணம், ஜூடோவில் முதலில் சொல்லித்தருவது விழுவதற்கு. தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, கையால் தரையை அறைந்து அதிர்ச்சியைப் பரப்பிவிடும் முறை. ஈரக் குளியலறையிலும், பாசி படிந்த குளத்துப் படியிலும் வழுக்கும் நாளில் நம்மைக் காப்பாற்றப் போவது எந்தக் குத்தும் அல்ல, இந்தப் பழக்கம்தான். நாற்பதுக்கு மேல் வயது கூடக் கூட இதன் மதிப்பும் கூடும். கழுத்து, முதுகுத் தட்டுத் தொல்லை உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மெத்தையில் கால் வைக்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | சிலம்பம் | கராத்தே | டேக்வாண்டோ | குத்துச்சண்டை / ஜிம் | ஜூடோ |
|---|---|---|---|---|---|
| பக்கத்தில் கிடைப்பது | கிராமத்திலும் | பெரும்பாலான ஊர்களில் | நகரங்களில் | பெரிய நகரங்களில் | அரிது |
| கூடப் பழகுபவர்கள் | எல்லா வயதும் | பெரும்பாலும் சிறுவர் | பெரும்பாலும் சிறுவர் | பெரியவர்கள் | இளைஞர் |
| அதிகம் கேட்கும் உறுப்பு | தோள், மணிக்கட்டு | முட்டி | இடுப்பு, முட்டி | தோள், கை. சண்டையில் தலை | முதுகு, கழுத்து |
| மழைக்காலம் | தடைபடும் | நடக்கும் | நடக்கும் | நடக்கும் | நடக்கும் |
| மறைந்த செலவு | இடம், மழை நாட்கள் | பெல்ட் தேர்வு, சங்கம் | தேர்வு, காப்புக் கவசம் | கையுறை, நீண்ட சந்தா | பயணம் |
| வீட்டில் தனியாக | மாடி வேண்டும் | எளிது | ஓரளவு | ஓரளவு | கடினம் |
| தற்காப்பு | குத்துவரிசை இருந்தால் | மாஸ்டரைப் பொறுத்து | குறைவு | நன்று | நன்று |

## பெண்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை

மன்னார்குடி ஆசிரியையின் கடிதத்தில் நேரடியாக எழுதாத ஒன்று வரிகளுக்கிடையில் இருந்தது. இதே கேள்வியைக் கேட்ட வேறு பெண்கள் வாய்விட்டே சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைச் சீருடை. மாதத்தில் அந்த நாட்களில் வெள்ளைக் கால்சட்டையோடு நின்று காலை உயர்த்தும் தயக்கம். பலர் அந்த வாரம் வராமல் இருந்து, பின்பு வரிசை விட்டுப் போய், மெல்ல நின்றேவிடுகிறார்கள். பயிற்சி நாட்களில் கறுப்புக் கால்சட்டை அணியலாமா என்று கேளுங்கள். அனுமதிப்பதால் எந்தக் கலையும் குறைந்துவிடாது. சிலம்பத்திலும் ஜிம்மிலும் இந்தத் தொல்லை இல்லை.

வகுப்பு முடியும் நேரத்துக்குப் பிறகு வீடு திரும்பப் பஸ் இருக்கிறதா, திருத்தும்போது தொடும் முன் பயிற்சியாளர் சொல்லிவிட்டுத் தொடுகிறாரா, மூத்த மாணவிகள் இருக்கிறார்களா என்பவற்றையும் நேரில் போய்ப் பாருங்கள். இரண்டு வகுப்பு வெளியே உட்கார்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும். பார்க்க விடாத வகுப்பில் சேர வேண்டாம்.

## எந்த மாதம் சேர்வது

விஜயதசமியில் தொடங்குவது வழக்கம். வணங்கித் தொடங்கட்டும், நல்லது. ஆனால் அடுத்த சில வாரத்திலேயே மழை பிடித்துக்கொள்ளும். திடலில் நடக்கும் வகுப்பென்றால் பழக்கம் ஊன்றும் முன்பே அறுந்துவிடும். ஏப்ரல், மே கோடை முகாம்களில் ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவே உங்களைக் கவனிக்க யாருக்கும் நேரமிராது; வெயிலும் சுடும். என் கணக்கில் தை மாதம்தான் சரி. பொங்கல் முடிந்திருக்கும், மழை விட்டிருக்கும், காலை குளிர்ச்சியாக இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் தேர்வுக்காகப் பிள்ளைகள் வராமல் போவார்கள். மாஸ்டருக்கு நேரம் இருக்கும். தொடக்கநிலைக்காரருக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் நல்ல கவனிப்பு அந்த எட்டு வாரத்தில்தான். சம்பா அறுவடையில் இருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் மாசி கடந்து வரட்டும்.

## மூவருக்கும் என் பதில்

மன்னார்குடி ஆசிரியைக்கு: மகளின் வகுப்பிலேயே சேருங்கள், ஒரு நிபந்தனையோடு. உங்களைப் போல வெளியே காத்திருக்கும் பெற்றோர் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு போய், அதே நேரத்தில் பெரியவர்களுக்குத் தனி வரிசை கேளுங்கள். நான்கு பேரின் கட்டணம் கூடுதலாக வருகிறது என்றால் பெரும்பாலான மாஸ்டர்கள் சம்மதிப்பார்கள். தூரமும் நேரமும் உங்களுக்கு ஏற்கெனவே அமைந்துவிட்டன. அது பாதி வெற்றி. மறுத்தால், மகளை விட்டுவிட்டு அந்த ஒன்றரை மணி நேரத்தில் போய்வரும் தூரத்தில் சிலம்பம் தேடுங்கள்.

கும்பகோணத்து வங்கி நண்பருக்கு: சிலம்பம், ஆனால் தோளை எலும்பு மருத்துவரிடம் காட்டிய பிறகு. முதல் மூன்று மாதம் காலடியும் இடுப்பு உயர வீச்சும் மட்டும். கால்களை இரவில் விளக்கொளியில் பார்த்துவிட்டுப் படுங்கள். மழை மாதத்துக்கு மகாமகக் குளத்து நடையை விட்டுவிடாதீர்கள். அது உங்கள் மாற்று ஏற்பாடு.

பாபநாசத்து இளைஞருக்கு: தற்காப்புதான் நோக்கம் என்றால் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஜூடோ அல்லது குத்துச்சண்டை வகுப்பு கிடைக்கிறதா பாருங்கள். வயது உங்கள் பக்கம். அறுவடைக் காலத்தில் ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும் என்பதால், விட்ட இடத்திலிருந்து தொடர அனுமதிக்கும் இடமாக இருக்கட்டும். மாதக் கணக்கில் அல்லாமல் வகுப்புக் கணக்கில் பணம் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். இரண்டும் கிடைக்காவிட்டால் குத்துவரிசை சொல்லித்தரும் ஆசான். ஆனால் ஊர் வம்பில் நீங்கள் முதலில் பயன்படுத்த வேண்டியது கால்கள், விலகி நடப்பதற்காக. கத்தி எடுத்தவன் எதிரில் எந்த பெல்ட்டும் போதாது என்று எனக்குத் தெரிந்த நல்ல ஆசான்கள் எல்லோருமே சொல்கிறார்கள்.

## பணம் கட்டும் முன்

சொல்லாமல் ஒருமுறை, சொல்லிவிட்டு ஒருமுறை என இரண்டு தடவை போய்ப் பாருங்கள். தவறு செய்யும் சிறுவனை மாஸ்டர் எப்படித் திருத்துகிறார், குச்சியால் அடிக்கிறாரா, எல்லோர் முன்னும் கேலி செய்கிறாரா என்று கவனியுங்கள். அடிபட்டால் முதலுதவிப் பெட்டி எங்கே என்று கேளுங்கள். பிறகு, முப்பத்தைந்துக்கு மேல் சேர்ந்து ஒரு வருடமாக வந்துகொண்டிருப்பவர் யார் என்று விசாரியுங்கள். அப்படி ஒருவரும் இல்லை என்றால் அடுத்த வகுப்பைப் பாருங்கள். இருந்தால், வகுப்பு முடிந்ததும் அவரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போய், எந்த இடத்தில் வலித்தது, அப்போது மாஸ்டர் என்ன செய்தார் என்று கேளுங்கள்.